மலைமுகட்டிலிருந்து ஆற்றங்கரை வரை: ரியோஹாவின் திராட்சை நிலத்தில் நடந்து அறிந்தவை

ஸ்பெயினின் வடக்கிலுள்ள ரியோஹாவுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் எந்தெந்த ஒயின் ஆலைகளைப் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்கிறார்கள். ஓக் பீப்பாயில் எத்தனை ஆண்டு வைத்திருந்தார்கள், எந்த ஆண்டின் விளைச்சல் சிறந்தது என்பதையெல்லாம் நிலவறைக்குள் நன்றாகவே விளக்குவார்கள். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் திராட்சையாக இருக்க, மலைக்கு நேர் அப்பால் கோதுமையும் உருளைக்கிழங்குமாக ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு நிலவறையில் விடை கிடைக்காது. நான் பில்பாவோ நகரில் வேலை பார்த்த ஆண்டுகளில், விடுமுறை கிடைத்தபோதெல்லாம், எல்லாப் பருவங்களிலும் அங்கே சென்று நடந்திருக்கிறேன். அந்த நடையில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்: ரியோஹாவை ஆற்றின் போக்கிலேயே நீளவாக்கில் பார்த்துக்கொண்டு போனால் தோட்டங்கள் மட்டுமே கண்ணில் படும், மலையிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து எதிர்ப்பக்க மலைக்குமாகக் குறுக்கே கடந்தால்தான் அந்தத் தோட்டங்கள் அங்கே இருப்பதற்கான காரணம் தெரியும்.

முதலில் நில அமைப்பு. எப்ரோ ஆறு கன்தாப்ரியா மாநிலத்தின் ஃபோன்திப்ரே என்னும் ஊற்றுப் பகுதியில் தொடங்கி, சுமார் 930 கிலோமீட்டர் ஓடி மத்தியதரைக் கடலில் கலக்கிறது. அட்லாண்டிக் கடலுக்கு மிக அருகே பிறந்தும், அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்கிழக்கே போகும் ஆறு அது. ஆரோ நகருக்குச் சற்று முன்னால், இருபுறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் நிற்கும் ஓர் இடுக்கு வழியாக அது ரியோஹாவுக்குள் நுழைகிறது. 'கொன்சாஸ் தெ ஆரோ' என்று அந்த இடுக்கை அழைக்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே அல்ஃபாரோ வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆற்றின் இருபுறமும் திராட்சை நிலம் பரந்திருக்கிறது. அதன் பரப்பு 65,000 ஹெக்டேருக்கும் அதிகம். வடக்கே சியெர்ரா தெ கன்தாப்ரியா என்னும் சுண்ணாம்புப் பாறைத் தொடர்; தெற்கே தெமாந்தா, செபொல்யேரா முதலிய உயரமான பழைய மலைகள். ஒயினுக்கான ரியோஹா என்பது நிர்வாக எல்லைகளோடு பொருந்துவதில்லை. லா ரியோஹா மாநிலத்தோடு, பாஸ்க் நாட்டின் ஆலவா மாவட்டத்தின் தென்பகுதியும் நவார்ராவின் ஒரு பகுதியும் அதில் சேரும். மேற்கே ரியோஹா ஆல்தா, எப்ரோவின் வடகரையில் ரியோஹா ஆலவேசா, கிழக்கே ரியோஹா ஒரியென்தால் என மூன்று பிரிவுகள் உண்டு. வரைபடம் வாங்கும்போது மாநில வரைபடத்தை மட்டும் வாங்கினால் வடகரையின் பெரும்பகுதி விட்டுப்போகும். எப்ரோ பள்ளத்தாக்கு முழுவதையும் காட்டும் வரைபடமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

பில்பாவோவில் ஆண்டு மழை சுமார் 1,100 மில்லிமீட்டர். ரியோஹாவில் அது பொதுவாக 400 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இரண்டுக்கும் இடையே காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவுகூட இல்லை. நெடுஞ்சாலையில் நேரே ஆரோவுக்கு வந்துவிடலாம் என்றாலும், முதல் முறை செல்பவர் விதோரியா நகர் வழியாகத் தெற்கே வந்து, பெஞ்ஞாசெர்ராதா என்னும் சிற்றூரைக் கடந்து, எர்ரேரா கணவாய் வழியாக இறங்க வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. கூடுதலாக ஆகும் நேரத்துக்கு முழுப் பயன் உண்டு. கணவாயின் வடபக்கச் சாலை பீச் மரக்காட்டுக்குள் போகிறது. அடிமரங்கள் சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும். பாறைகளில் பாசி படிந்திருக்கும். கோடை நண்பகலிலும் தரை ஈரமாகவே கிடக்கும். 1,000 மீட்டருக்கும் மேலான கணவாயைத் தாண்டித் தெற்கே திரும்பிய சில நிமிடங்களிலேயே அந்தக் காடு முடிந்துபோகிறது. அதன்பின் இலைகள் சிறுத்து, தடித்து, ஓரங்களில் முள் வைத்த பசுமைமாறா ஓக் மரங்களும், பாக்ஸ் என்னும் குட்டையான புதர்ச்செடியும், காலில் உரசினாலே மணக்கும் தைமும் தொடங்கிவிடுகின்றன. மழைமறைவுப் பகுதி என்று பாடப்புத்தகத்தில் படித்ததை ஒரே மலையின் இரண்டு பக்கங்களிலும் தொட்டுப் பார்க்கக்கூடிய இடம் இது.

இதற்கான காரணத்தைப் பல நாட்களில் கண்ணாலேயே காணலாம். வடக்கிலிருந்து காற்று வீசும்போது, அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரமேகம் முகட்டில் வந்து குவிந்து, பாத்திர விளிம்பில் பால் பொங்கி வழிவதைப் போலத் தெற்கே வழியத் தொடங்கும். ஆனால் வழிந்த மேகம் அடிவாரத்தை எட்டாது. இறங்கும் காற்று சூடாகி உலர்வதால், முகட்டிலிருந்து சிறிது தூரத்திலேயே மேகம் கரைந்து மறைந்துவிடும். கீழே கொடிகளின் மீது வெயில் அடித்துக்கொண்டிருக்கும். சான் விசென்தே தெ லா சொன்சியெர்ரா ஊரின் அருகே கவாத்து செய்துகொண்டிருந்த ஒரு முதிய விவசாயியிடம் இதைப் பற்றிக் கேட்டேன். மேகம் முகட்டிலேயே நின்றால் மறுநாளும் வேலை நடக்கும் என்றும், முகட்டை மறைத்துக்கொண்டு பாதி மலைக்கு இறங்கிவிட்டால் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிடலாம் என்றும் அவர் சொன்னார். அன்று முதல் அங்கே நடைக்குக் கிளம்பும் முன் கைப்பேசியில் வானிலையைப் பார்த்துவிட்டு, வடக்கே முகட்டையும் ஒரு முறை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மலைக்கு அருகே ஓரிரண்டு மணி நேரத்துக்குள் நடக்கப்போவதை அறிய அந்தப் பார்வை நிச்சயமாக உதவுகிறது.

கணவாயிலிருந்து சற்றுக் கீழே 'பால்கோன் தெ லா ரியோஹா' என்னும் காட்சி முனை இருக்கிறது. பள்ளத்தாக்கு முழுவதும் அங்கிருந்து விரிகிறது. பலர் வண்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அங்கே அரை மணி நேரமாவது உட்கார வேண்டும். காலையில் செல்வது நல்லது. மாலையில் மேற்கிலிருந்து வரும் ஒளியில் பள்ளத்தாக்கு மங்கித் தெரியும். காலையின் சாய்ந்த ஒளியிலோ ஒவ்வொரு மேடும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். குளிர்காலத்தில் எப்ரோவின் மேல் பனிமூட்டம் பல நாட்கள் விலகாமல் கிடப்பதுண்டு. அப்போது கீழே ஊர்களில் வெயிலே இல்லாமல் குளிரில் அடைந்து கிடப்பவர்கள் இந்த உயரத்துக்கு வந்தால் நல்ல வெயில் காயலாம். ஆனால் கணவாய்ச் சாலையில் அந்த மாதங்களில் பனிப்படலம் உறைந்திருக்கும் என்பதால், சாலை நிலையை விசாரிக்காமல் ஏறக் கூடாது.

அந்த முனையிலிருந்து பார்த்து மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது தாவரங்கள் அடுக்கடுக்காக மாறும் வரிசையை. மேலே வெண்சாம்பல் நிறப் பாறைச் சுவர். அதன் காலடியில் ஓக்கும் பாக்ஸும். அதற்குக் கீழே, 700 மீட்டர் உயரத்தை ஒட்டி, முதல் கொடிகள் தொடங்குகின்றன. இடையிடையே உழ முடியாத பாறைத் திட்டுகளில் ஓக் கூட்டங்கள் விடப்பட்டிருக்கும். வரப்புகளில் பாதாம் மரங்களும் ஆங்காங்கே ஆலிவ் மரங்களும் நிற்கும். லாகுவார்டியா ஊர் 600 மீட்டருக்கு மேல் ஒரு தனிக் குன்றின் மீது அமர்ந்திருக்கிறது. அங்கிருந்து நிலம் படிப்படியாகத் தாழ்ந்து, 400 மீட்டரை ஒட்டி எப்ரோவின் பசுங்கோட்டை அடைகிறது. அந்தக் கோடு பாப்லர், ஆற்றுப்பாலை, ஆஷ் மரங்களால் ஆனது. ஆறு கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் மரங்கள் அதன் வளைவுகளைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தச் சரிவில் நடந்தே இறங்குவதுதான் சிறந்த வழி. லாகுவார்டியாவிலிருந்து மலைமுகட்டைத் தாண்டி வடக்கே செல்லும் ஜி.ஆர். 38 என்னும் பாதை, ஒரு காலத்தில் இங்கிருந்து ஒயினைக் கடற்கரைக்கும், அங்கிருந்து மீனை இங்கேயும் கோவேறு கழுதைகளில் கொண்டு சென்றவர்களின் தடம். அதில் ஒரு பகுதியை மட்டும் நடந்தாலும் மேலே சொன்ன அடுக்குகள் ஒவ்வொன்றும் காலடியில் மாறுவதை உணரலாம். வெயில் காலத்தில் விடியற்காலையில் புறப்பட்டு நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் நிழல் கிடையாது. ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஊர்களின் சதுக்கங்களில் குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன, இடையில் எதுவும் இல்லை. கடைகள் பிற்பகலில் மணிக்கணக்கில் மூடிக்கிடக்கும் என்பதால் உணவைக் காலையிலேயே வாங்கிக்கொள்வது அவசியம்.

பந்தலில் படர்ந்த திராட்சையை மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு இங்குள்ள பழைய தோட்டங்கள் வியப்பாக இருக்கும். கம்பியோ கழியோ இல்லாமல், முழங்கால் உயரத்துக்கு முறுக்கேறிய ஓர் அடிமரமும், அதிலிருந்து பிரியும் மூன்று நான்கு குட்டைக் கைகளுமாக ஒவ்வொரு கொடியும் தனியே நிற்கிறது. கோடையில் அந்தக் கைகளிலிருந்து எழும் தளிர்கள் குடைபோல் விரிந்து தமது பழத்துக்குத் தாமே நிழல் தருகின்றன. வறண்ட, காற்று மிகுந்த நிலத்துக்கு மிகப் பொருத்தமான முறை இது. புதிய தோட்டங்கள் பெரும்பாலும் கம்பியில் வரிசையாகக் கட்டப்பட்டவை, இயந்திரத்துக்கு வசதியானவை. சரிவு கூடக்கூட, நிலத்துண்டு சிறுக்கச் சிறுக்க, பழைய முறை மிகுதியாக எஞ்சியிருப்பதைக் காணலாம். அவற்றில் பெரும்பாலானவை தெம்ப்ரனில்யோ என்னும் கருந்திராட்சை. கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகிய கருந்திராட்சைகளும், வியூரா என்னும் வெள்ளைத் திராட்சையும் குறைந்த அளவில் உண்டு. பழைய தோட்டங்களில் இவை ஒன்றோடொன்று கலந்தே நடப்பட்டிருக்கும். அக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் இலைகள் நிறம் மாறும்போது, ஒரே தோட்டத்துக்குள் சிவப்புக்கு நடுவே மஞ்சளும் பச்சையுமாகத் தெரிவது இதனால்தான். நிலத்தைப் படிக்க விரும்புபவருக்கு, அறுவடைக் காலத்தைவிட அந்த இரண்டு மூன்று வாரங்கள் மிகச் சிறந்தவை. அறைகளின் வாடகையும் அப்போது குறைந்திருக்கும்.

வடகரையின் மண் வெளிர்மஞ்சள் நிறத்தில், சுண்ணாம்பு கலந்த களிமண். உலர்ந்திருக்கும்போது கெட்டித்துக் கிடக்கும் அந்த மண், மழை பெய்த மறுநாள் நடந்தால் அடியெடுத்து வைக்க வைக்கக் காலணியின் அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக்கொள்ளும். நூறடி நடப்பதற்குள் கால்களைத் தூக்குவதே சிரமமாகிவிடும். புல்லிலோ கல்லிலோ தேய்த்தாலும் போகாது, குச்சியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். எனவே மழைக்குப் பிறகு ஓரிரு நாட்கள் தோட்டத்து மண்பாதைகளைத் தவிர்த்து, சரளை போட்ட பாதைகளில் நடப்பது நல்லது. இந்த அப்பும் தன்மைதான் கொடிக்குத் துணையாகவும் இருக்கிறது: குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெய்யும் நீரைப் பிடித்து வைத்திருந்து, மழையற்ற கோடையில் ஆழமாக இறங்கிய வேர்களுக்குச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது.

ஆற்றை நெருங்கும்போது மண் மாறுகிறது. எப்ரோ காலங்காலமாகத் தன் படுகையை ஆழமாக அறுத்துக்கொண்டே வந்ததால், அதன் பழைய படுகைகள் இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே தட்டையான படிகளாக நிற்கின்றன. உயரமான படி பழையது, தாழ்வானது புதியது. இன்று ஆற்றிலிருந்து வெகுதொலைவில் இருக்கும் ஒரு மேட்டுத் தோட்டத்தில் உருண்டு வழுவழுப்பான கூழாங்கற்கள் கொட்டிக் கிடந்தால், அந்த இடத்தில் ஒரு காலத்தில் ஆறு ஓடியது என்று பொருள். செனிசேரோ, ஃபுவென்மயோர் ஊர்களைச் சுற்றி இந்தப் படிகளைத் தெளிவாகப் பார்க்கலாம். மலையடிவாரத்துக் கல் கூரான முனையுடன் இருக்கும். ஆற்றுப்படியின் கல் உருண்டிருக்கும். ஒரு தோட்டத்தின் ஓரத்தில் குனிந்து ஒரு கல்லை எடுத்துப் பார்த்தாலே அந்த நிலத்தை உண்டாக்கியது மலையா ஆறா என்று சொல்லிவிடலாம். தென்கரையில் நஹெரில்யா ஆற்றுப் பக்கம் போனால் இரும்புச்சத்துள்ள களிமண்ணால் நிலம் முழுவதும் சிவந்திருக்கும்.

கொடிகளை ஆற்றின் ஓரத்து வளமான வண்டலில் விரும்பி நடுவதில்லை. அங்கே இலையும் தண்டுமாகத் தழைத்துப் பழத்தின் சாரம் குறைந்துவிடும்; தாழ்வான இடத்தில் குளிர்காற்று தேங்குவதால் வசந்தகால உறைபனியின் ஆபத்தும் கூடுதல். 2017 ஏப்ரல் இறுதியில் விழுந்த உறைபனி, துளிர்த்திருந்த கொடிகளைக் கருக்கி, ரியோஹா ஆல்தாவிலும் ஆலவேசாவிலும் பெரும் இழப்பை ஏற்படுத்தியது. ஆகவே தாழ்நிலம் காய்கறிகளுக்கும் பாப்லர் வளர்ப்புக்கும் விடப்பட்டிருக்கிறது. பாப்லர்கள் நேர்வரிசையில், ஒரே வயதில், கீழே புதரின்றி நின்றால் அவை மரத்துக்காக வளர்க்கப்படுபவை. ஆற்றுப்பாலையும் ஆஷும் கொடிகளும் முட்புதருமாக நுழைய முடியாமல் பின்னிக் கிடந்தால் அதுவே இயற்கையான ஆற்றங்கரைக் காடு. 'சோதோ' என்று அதற்குப் பெயர். ஆற்றின் நீளத்தில் இவை இன்று துண்டுதுண்டாகத்தான் எஞ்சியிருக்கின்றன. அழியும் நிலையிலுள்ள ஐரோப்பிய மிங்க் என்னும் நீர்வாழ் சிறுவிலங்குக்கு எப்ரோவும் அதன் துணையாறுகளும் ஸ்பெயினில் கடைசிப் புகலிடங்களில் ஒன்று என்பதை நினைத்தால், அந்தத் துண்டுகளின் மதிப்பு இன்னும் கூடுகிறது. தோட்டங்களைப் பாராட்டி எழுதும் அளவுக்கு இந்தக் காடுகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

ஆற்றின் ஓரமாக நடக்க, அதன் பிறப்பிடத்திலிருந்து கழிமுகம் வரை அடையாளமிடப்பட்ட ஜி.ஆர். 99 என்னும் பாதை இருக்கிறது. ஆரோவிலிருந்து பிரிஞ்ஞாஸ் வழியாகக் கொன்சாஸ் இடுக்கை நோக்கிச் செல்லும் பகுதி குறுகியது, எளியது. இருபுறப் பாறைகளுக்கும் நடுவே நிற்கும்போது, மலைத்தொடரில் ஆறு அறுத்த இந்த ஒரே வாசல் வழியாக வடமேற்குக் காற்று எவ்வளவு வேகமாகப் புகுகிறது என்பது உடம்பில் படும். 'சியெர்சோ' என்னும் அந்த உலர்காற்றுக்காக, வெயில் நாளிலும் காற்றுப்புகா மேலாடை ஒன்றைப் பையில் வைத்திருக்க வேண்டும். மழைக்குப் பிறகு இலைகளை விரைவில் உலர்த்தி அடிச்சாம்பல் நோய் போன்ற பூஞ்சைகளைக் கட்டுப்படுத்த உதவுவதால் விவசாயிகள் அதை வரவேற்கிறார்கள். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் ஆற்றோரப் பாதைக்குச் செல்வதற்கு முன் நீர்மட்டத்தைப் பார்க்கத் தவறக் கூடாது. 1926இல் அமைக்கப்பட்ட எப்ரோ நீர்வடிநில ஆணையம் ஆற்றின் நீர்மட்டத்தை இணையத்தில் உடனுக்குடன் வெளியிடுகிறது. 2015இலும் 2018இலும் 2021 டிசம்பரிலும் எப்ரோவில் பெருவெள்ளம் வந்தது. அத்தகைய நாட்களில் இந்தப் பாதைகள் நீருக்கடியில் போய்விடும். கோடையில் அமைதியாகத் தெரிந்தாலும் பழைய பாலங்களின் தூண்களை ஒட்டி நீர்ச்சுழிகள் உண்டு. ஆகவே உள்ளூரார் குளிக்கும் இடம் என்று தெரியாத எங்கும் இறங்கக் கூடாது.

எப்ரோவைத் தாண்டித் தெற்கே போனால் கதை முற்றிலும் வேறு. வடக்கே ஒரே சுவர். தெற்கே திரோன், ஓஹா, நஹெரில்யா, இரேகுவா, லேசா, சிதாகோஸ், அலாமா என ஆறுகள் அடுத்தடுத்து மலையிலிருந்து இறங்கி வந்து, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பள்ளத்தாக்கை அமைத்துக்கொண்டிருக்கின்றன. இவற்றின் மேற்பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சாலைகள் குறைவு, வளைவுகள் மிகுதி. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்கு மலைவழியே போக நினைக்காமல், கீழே இறங்கி வந்து மீண்டும் ஏறுவதே பெரும்பாலும் விரைவானது. ஒரு நாளைக்கு ஒரு பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொண்டால் நிதானமாகப் பார்க்கலாம். பேருந்துகள் லொக்ரோனியோ நகரிலிருந்து புறப்படுகின்றன என்றாலும், மேலூர்களுக்கு நாளுக்கு ஓரிரண்டு முறைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குறைவு. திரும்பும் பேருந்தின் நேரத்தை உறுதி செய்துகொண்ட பிறகே ஏற வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஓஹா பள்ளத்தாக்கு. தெமாந்தா மலைகளின் உச்சியான சான் லொரென்சோ 2,271 மீட்டர் உயரம். வசந்தம் பாதி கழியும் வரை அதன் தலையில் வெண்பனி இருக்கும். அந்தப் பக்கத்துப் பனியும் மழையும் ஓஹாவில் சேர்கின்றன. எஸ்கராய் ஊரில் நீர் கற்களின் மீது சலசலத்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, அதே நாளில் கீழே சாந்தோ தொமிங்கோ தெ லா கல்சாதாவுக்கு வந்தால், நீண்ட பாலத்தின் அடியில் கோடையில் ஒரு துளி நீர் இருக்காது. அகன்று கிடக்கும் வெண்கூழாங்கற்களும் நடுவே முளைத்த ஆற்றுப்பாலைக் கன்றுகளும்தான் தெரியும். நீரை யாரும் திருப்பிவிடவில்லை. ஆறு தானே கொண்டுவந்து நிரப்பிய ஆழமான சரளைக்குள் அது இறங்கி, நிலத்தடியில் நகர்ந்து, மேலும் கீழே போய் வெளிப்படுகிறது. வறண்ட படுகையின் இருபுறமும் வயல்கள் பசுமையாக இருப்பதன் காரணம் இதுதான். ஆரோவிலிருந்து எஸ்கராய் வரை ஒரு காலத்தில் சிறு ரயில்பாதை இருந்தது; 1964இல் அது மூடப்பட்டது. இன்று அந்தத் தடத்தின் பெரும்பகுதி காசலர்ரேய்னாவிலிருந்து எஸ்கராய் வரை சைக்கிளுக்கும் நடைக்குமான பசுமைவழியாக இருக்கிறது. ஏற்றம் மிக மெதுவானது என்பதால் பழக்கமில்லாதவரும் சைக்கிளில் போகலாம். மேலிருந்து கீழாக வந்தால் காற்று எதிராக இருக்கக்கூடும். சோர்வில்லாத காலையில் ஏறிவிட்டு, பிறகு இறங்குவது நல்லது. திராட்சை கீழேயே நின்றுவிடுகிறது. சாந்தோ தொமிங்கோவைச் சுற்றி தானிய வயல்கள். எஸ்கராய்க்கு மேலே ஓக், பீச், பைன் காடுகள்.

அந்தப் பைன் காடுகளில் ஓர் எச்சரிக்கை தேவை. குளிர்கால இறுதியிலிருந்து வசந்தம் வரை, பைன் மரங்களிலிருந்து இறங்கும் ஒருவகைக் கம்பளிப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட வரிசையாகத் தரையில் ஊர்ந்து செல்லும். அவற்றின் மயிர் தோலிலும் கண்ணிலும் கடும் அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும். குழந்தைகளையும் நாயையும் அழைத்துச் செல்பவர்கள் அருகே விடக் கூடாது. இலையுதிர்காலத்து வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். பாதையின் தொடக்கத்தில் 'பதீதா' என்று பலகை வைத்திருந்தால் அன்று அந்தப் பாதையை விட்டுவிட வேண்டும்.

நஹெரில்யாவின் கீழ்ப்பகுதியில் பதரான், கொர்தொவீன் போன்ற ஊர்களின் செம்மண்ணில் கர்னாச்சா நன்றாக விளைகிறது. மேலே அங்கியானோவுக்கு அப்பால் பள்ளத்தாக்கு குறுகி, சாலைக்கும் ஆற்றுக்கும் மட்டுமே இடம் இருக்கிறது. இன்னும் மேலே மன்சில்யா அணை. அதற்காக மூழ்கடிக்கப்பட்ட பழைய ஊரின் சுவர்கள், கோடையின் கடைசியில் நீர்மட்டம் குறையும்போது வெளியே தெரிகின்றன. இரேகுவா ஆறு லொக்ரோனியோவுக்குக் குடிநீர் தருகிறது. இஸ்லால்யானா ஊரருகே அது மலையை விட்டு வெளியேறும் இடத்தில் எழும் பெரும்பாறைகளில் கிரிஃபோன் கழுகுகள் கூடு கட்டுகின்றன. நேரம் குறைவாக உள்ளவர் இந்த ஒன்றை மட்டுமாவது பார்த்துவிட வேண்டும், நகரிலிருந்து பக்கம்தான்.

கிழக்கே செல்லச் செல்ல அட்லாண்டிக்கின் கை முற்றிலும் விலகி, மத்தியதரைக் கடலின் ஆதிக்கம் தெரிகிறது. சிதாகோஸ் பள்ளத்தாக்கில் காலாவோர்ராவிலிருந்து அர்னெதில்யோ வரை, இங்கும் பழைய ரயில் தடமே பசுமைவழியாக இருக்கிறது. குன்றுகளில் ரோஸ்மேரியும் கெர்மஸ் ஓக் புதர்களும் மட்டுமே. ஆற்றை ஒட்டிய மெல்லிய பசுமை தவிர எல்லாம் காவி. மேலே என்சீசோ ஊரைச் சுற்றிப் பாறைத் தளங்களில் டைனோசர் காலடித் தடங்கள் பதிந்திருக்கின்றன. இங்கே திராட்சை ஆரோவைவிடச் சில வாரங்கள் முன்னதாகப் பழுத்துவிடும். வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் பழத்தில் புளிப்பு குறைவது கவலை தருவதால், யேர்கா மலையின் 1,100 மீட்டர் உச்சியை நோக்கிச் செல்லும் சரிவுகளின் உயரத் தோட்டங்களுக்கு மதிப்புக் கூடிவருகிறது. பழைய கர்னாச்சாத் தோட்டங்கள் அங்கே முன்பே இருந்தன. உழைப்பு அதிகம், விளைச்சல் குறைவு என்று கைவிடப்பட்ட துண்டுகளும் உண்டு. கீழே தாழ்நிலத்தில் லொதோசா கால்வாய் எப்ரோவின் நீரைக் கொண்டுவந்து காலிஃபிளவர், ஆர்ட்டிசோக், மிளகாய் வயல்களை நனைக்கிறது.

அறுவடை கிழக்கே ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஆரம்பித்து, மேற்கே அக்டோபர் வரை நீள்கிறது. அந்த வாரங்களில் மண்பாதைகள் டிராக்டர்களுக்கு உரியவை. ஒரு டிராக்டர் போகும் அகலமே உள்ள பாதையில் காரை ஓரமாக நிறுத்தினாலும் அது வழிமறிப்பதாகத்தான் ஆகும். ஊரிலேயே நிறுத்திவிட்டு நடந்து செல்ல வேண்டும். வேலியில்லை என்பதால் தோட்டத்துக்குள் நுழைந்து பழம் பறிப்பதைச் சிலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் விளைச்சல் அளவுக்கு வரம்பு உண்டு. ஒவ்வொரு குலையும் கணக்கில் இருப்பது. கேட்டால் அவர்களே கை நிறையக் கொடுப்பார்கள்.

ஆற்றைத் தொடர்ந்து கிழக்கே வருபவருக்கு அல்ஃபாரோவில் ஒரு நாள் வேண்டும். அங்கே செங்கல்லால் கட்டப்பட்ட சான் மிகேல் தேவாலயத்தின் கூரை முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்நாரைக் கூடுகள் இருக்கின்றன. இத்தனை பறவைகளுக்கும் உணவு தருவது ஊருக்கு அருகிலுள்ள எப்ரோவின் ஆற்றங்கரைக் காடும், அதைச் சுற்றிய ஈர வயல்களும்தான். அந்தக் காட்டுக்கு 2001இல் இயற்கைக் காப்பிடத் தகுதி கிடைத்தது. உள்ளே அடையாளமிட்ட பாதைகள் தட்டையானவை. கரையோரப் பாப்லர்கள் சிலவற்றின் அடியில், மணற்கடிகார வடிவில் கொறித்துச் செதுக்கிய தடம் இருப்பதைப் பார்க்கலாம். 2003இல் யாருடைய அனுமதியும் இல்லாமல் இந்த வட்டார ஆறுகளில் விடப்பட்ட ஐரோப்பிய பீவர்கள் என்னும் கொறிவிலங்குகளின் வழித்தோன்றல்கள் செய்த வேலை அது. நாரைக் கூடுகள் பிப்ரவரி முதல் ஜூலை வரை நிறைந்திருக்கும். மே மாதத்தில் குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைத் தொலைநோக்கி இருந்தால் தெளிவாகக் காணலாம். ஆற்றோரக் காட்டில் அந்த மாதத்திலிருந்து கொசு மிகுதி என்பதால் முழுக்கைச் சட்டையுடன் காலையிலேயே நடந்துவிட்டு, வெயில் ஏறியபின் ஊருக்குத் திரும்பி நாரைகளைப் பார்ப்பது சரியான வரிசை. லொக்ரோனியோவிலிருந்து ரயிலில் வரலாம். நிலையத்திலிருந்து தேவாலயச் சதுக்கம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது.